அதை ஓட்டியது யார்?

நூதனசாலைக்குள் நாங்கள் நுழைந்தபோது இரவு ஒன்பதரை மணி. அப்பா கம்பளியைக் காது வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தார். வெளியே இலங்கை மலையகத்து ஹட்டன் மழை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் அக்காவின் மகள் சொல்வதில் பாதி கேட்கவில்லை. அவளுக்கு அங்கே நியூயோர்க்கில் சனிக்கிழமை நண்பகல், நல்ல வெயில். மேற்படிப்புக்குப் போயிருக்கும் பிள்ளை கைத்தொலைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தாள். நாங்கள் இருவரும் அவளுடைய சட்டைப் பொத்தானின் உயரத்திலிருந்து அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டு போனோம்.

இடத்தின் பெயர் ‘மியூசியம் ஒஃப் த மூவிங் இமேஜ்’. அசையும் படங்களுக்கென்றே ஒரு நூதனசாலை. சினிமா, தொலைக்காட்சி, கணினி விளையாட்டு எல்லாம் ஒரே கூரையின் கீழ். குவீன்ஸ் பகுதியில் அஸ்டோரியா என்ற இடத்தில் இருக்கிறது. அந்த வளவு முன்பு ஸ்டூடியோவாக இருந்தது. 1920இல் கட்டப்பட்டது. பின்னாளில் பரமவுண்ட் என்று பெயர் பெற்ற கம்பனி அங்கே மௌனப் படங்களும் எடுத்தது, பேச்சு வந்த புதிதில் பேசும் படங்களும் எடுத்தது. மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவை நடிகர்களின் முதல் இரண்டு பேசும் படங்கள் அங்கே எடுத்தவைதாம். 1942இல் அமெரிக்க இராணுவம் அதை எடுத்துக்கொண்டு சிப்பாய்களுக்கான பயிற்சிப் படங்களைத் தயாரித்தது. இராணுவம் போய்ப் பல வருடங்கள் கழித்து, அந்த வளவின் ஒரு கட்டடத்தை 1988இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். 2011இல் அதைப் பெரிதாக்கினார்கள்.

இவ்வளவையும் அப்பாவின் காதருகில் கத்திச் சொல்லி முடித்தேன். “ஹந்தானை இஸ்டோர் மாதிரி” என்றார். சரிதான். கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையைத்தான் 2001இல் தேயிலை நூதனசாலையாக மாற்றினார்கள். இயந்திரம் ஓடி முடிந்த கட்டடத்தில் இயந்திரத்தைக் காட்சிக்கு வைப்பது எங்கும் நடக்கிற வழக்கம்தான்.

இங்கே எங்கள் இருவரையும் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு 81 வயது. பதினான்கு வயதில் தோட்டத்தைவிட்டு வந்து, பட்டணத்துத் தியேட்டர் ஒன்றில் ரீல் பெட்டி சுமக்கச் சேர்ந்து, பிறகு ஒப்பரேட்டர் ஆனவர். அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கடைகள். நான் ரேடியோவும் டீவியும் திருத்துகிறவன். சரியாகச் சொன்னால், திருத்தினவன். இப்போது கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி மாற்றுவதில்தான் அடுப்பு எரிகிறது. ஆக, வெளிச்சத்தைத் திரையில் விழவைத்துப் பிழைத்த குடும்பம். அக்கா மகள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனதற்கு அதுதான் காரணம். “தாத்தாவுக்குத் தெரியாத எதுவும் இங்கே இருக்காது மாமா” என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

முதலில் காட்டியது ஒரு சுழலும் தொட்டி. சுற்றிலும் மெல்லிய பிளவுகள், உட்புறம் வரிசையாகப் படங்கள். தொட்டியைச் சுழற்றிவிட்டுப் பிளவு வழியாகப் பார்த்தால் படத்திலிருப்பவர் குதிப்பார், ஓடுவார். சினிமா பிறப்பதற்கு அறுபது வருடங்களுக்கு முந்திய விளையாட்டுச் சாமான். அதற்கு அப்பால் ஓர் அறையில் பெரிய சிற்பம் ஒன்று வேகமாகச் சுழல்கிறது. அதன்மேல் விளக்கு மின்னி மின்னி அணைகிறபோது, சுழல்கிற பொம்மைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக உருமாறுகின்றன. தொலைபேசிக் கெமராவுக்கு அந்த மின்னல் பிடிக்கவில்லை. எங்களுக்கு வெறும் கோடு கோடாகத்தான் வந்தது. “நேரில் பார்த்தால் பயமாக இருக்கிறது மாமா, அவை உயிரோடு இருப்பதுபோல” என்றாள்.

“இருட்டு வேலை செய்கிறது” என்றார் அப்பா.

அவள் விளங்காமல் நின்றாள். அப்பா கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்தார். படத்துண்டு வெளிச்சத்துக்கு முன்னால் சும்மா வழுக்கிக்கொண்டு போனால் திரையில் மங்கல்தான் தெரியும். ஒரு கட்டம் வந்து அசையாமல் நிற்க வேண்டும். வெளிச்சம் பட வேண்டும். பிறகு தகடு வந்து வெளிச்சத்தை மறைக்க வேண்டும். அந்த இருட்டுக்குள்தான் அடுத்த கட்டம் இறங்கி வந்து நிற்கும். விநாடிக்கு 24 தடவை இப்படி. கண் கூசாமல் இருக்க, நிற்கிற ஒவ்வொரு கட்டத்தையும் தகடு இன்னொரு முறையும் வெட்டும். விநாடிக்கு 48 மின்னல். இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகவே இருக்கும். “இருட்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கினார்கள்” என்று சொல்லிச் சிரித்தார். இது அவருடைய பழைய பகிடி. என் கல்யாணத்தன்றும் சொன்னார்.

பிறகு புரொஜெக்டர் வந்தது.

அக்கா மகள் தொலைபேசியைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனாள். அப்பா என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குமுன் அவர் அதைத் தானாகத் தொட்டதே இல்லை. தொட்டால் கெட்டுப்போகும் என்பார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “விளக்கு வீட்டைக் காட்டு பிள்ளை” என்றார்.

கார்பன் விளக்கைப் பற்றி இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் கதை என்றுதான் நினைப்பார்கள். விரல் பருமனில் இரண்டு கரிக்குச்சிகள். ஒன்றோடொன்றை முட்டவைத்து மெல்லப் பிரித்தால் நடுவே நெருப்பு பாலம்போல் நிற்கும். அதுதான் திரைக்குப் போகிற வெளிச்சம், சூரியனைப்போல வெள்ளை. குச்சிகள் எரிந்து குட்டையாகிக்கொண்டே போகும், ஒன்று மற்றதைவிடச் சீக்கிரமாக. இடைவெளி கூடினால் வெளிச்சம் மஞ்சளித்துத் துடிக்கும், குறைந்தால் முட்டிக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு படம் முழுக்க அதைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கை அசந்த மறுகணம் கீழே கலரியிலிருந்து, அதாவது மலிவு டிக்கெட் பக்கத்திலிருந்து, விசில் கிளம்பும். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில், எம்.ஜி.ஆர். திரையில் நிற்கும்போது வெளிச்சம் மஞ்சளித்தால் விசிலோடு நிற்காது. எம்.ஜி.ஆர். கண்டி மாவட்டத்தில் பிறந்தவர். ஆகவே மலையகத்துக்கு அவர் சொந்தக்காரர். சொந்தக்காரரின் முகம் மங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு ரீல் இருபது நிமிடத்துக்குமேல் போகாது. அதனால் இரண்டு இயந்திரங்கள். ஒன்று ஓடுகையில் மற்றதில் அடுத்த ரீலைக் கோத்து வைத்திருக்க வேண்டும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வந்து மறையும். அது வந்தால் இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடியில் இன்னொரு புள்ளி. அந்தக் கணத்தில் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தால் கீழே இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் நீ ஒப்பரேட்டர் இல்லை என்பார் அப்பா. இன்றும் தொலைக்காட்சியில் பழைய படம் ஏதாவது போனால், அந்த மூலையில் புள்ளி தட்டும்போது, பாதித் தூக்கத்தில் இருந்தாலும் அப்பாவின் வலது கை மடியிலிருந்து எழும்பும். நாங்கள் யாரும் சிரிப்பதில்லை. சின்ன வயதில் சிரித்து அடி வாங்கியிருக்கிறேன்.

கண்ணாடியின் பக்கத்திலிருந்த குறிப்பை அக்கா மகள் வாசித்துக் காட்டினாள். செய்த கம்பனி, ஆண்டு.

“அதை ஓட்டியது யார் என்று போட்டிருக்கிறதா?”

“இல்லை தாத்தா.”

“எந்த நூதனசாலையிலும் போட்டிருக்க மாட்டார்கள்” என்று தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அன்றிரவு முழுவதும் எனக்கு அந்தக் கேள்விதான். அது ஒரு பழைய படத்தை ஞாபகப்படுத்தியது. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பஸ்ஸில் போனால் பொகவந்தலாவை. அங்கே சென் மேரிஸ் தேவாலயத்து வளவில் ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற அம்மாளின் கல்லறை இருக்கிறது. புகைப்படக் கலையின் வரலாற்றை எந்த நாட்டில் எழுதினாலும் அவரை விட்டு எழுத முடியாது. 48ஆவது வயதில், 1863இல், மகள் வாங்கிக்கொடுத்த கெமராவைக் கையில் எடுத்தவர். டார்வினையும், ஹெர்ஷல் என்ற வானியலாளரையும், டெனிசன் என்ற கவிஞரையும் எடுத்த முகப்படங்கள் உலகெங்கும் நூதனசாலைகளில் தொங்குகின்றன. கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இங்கே வந்தார்கள். வரும்போது சவப்பெட்டிகளையும் கூடவே கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பது அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் விடாமல் சொல்கிற கதை. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்தார்.

இங்கே அவர் எடுத்த படங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் தோட்டத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்து முடிக்கிற முறை. எதிரே நிற்பவர் பல விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். நின்றிருக்கிறார்கள். டார்வினுக்குப் பெயர் உண்டு. நமது ஆட்களின் படங்களுக்குக் கீழே ‘தொழிலாளர்’, ‘இலங்கைப் பெண்’ என்பதுதான் இருக்கிறது. அந்தப் பெண்களில் யாராவது ஒருத்தி எனக்குக் கொள்ளுப் பாட்டிக்குப் பாட்டியாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். கேட்பதற்கு ஆளில்லை.

பிறகும் கெமரா இந்தப் பக்கம் வராமல் இல்லை. கினிகத்தேனையைத் தாண்டி இறங்கினால் கித்துல்கலை. களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் கட்டி அதை வெடிவைத்துத் தகர்த்து எடுத்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளைக் கொண்டுபோனது. கதையில் அந்த ஆறு தாய்லாந்தில் ஓடுகிறது. 1984இல் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் கண்டிப் பக்கத்து மலைகள் இந்தியாவாக நடித்தன. நமது மலை எந்த நாட்டுக்கும் பொருந்தும், தன் பெயரில் மட்டும் அதற்கு வேடம் கிடைப்பதில்லை.

தன் பெயரில் கிடைத்த வேடம் என்றால், 1975இல் தொழிற்சங்கவாதி வி.பி.கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’. தோட்டத்து மக்களின் கதை. அதையும் அப்பா ஓட்டியிருக்கிறார். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களமும் திரையில் வந்தபோது சனம் கதையைக் கவனிக்கவே இல்லையாம். ‘அந்தா பீலி’, ‘அந்தா மட்டம்’ என்று கை காட்டிக்கொண்டே இருந்தார்களாம். இன்றைக்கு அந்தக் காலத்து இலங்கைத் தமிழ்ப் படங்களைத் தேடிப் பாருங்கள். 1983 ஜூலைக் கலவரத்தில், கொழும்புக்குக் கிட்ட ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது நெகட்டிவ்களும் சேர்ந்து எரிந்தன. சிங்களப் படங்களும் தமிழ்ப் படங்களும் ஒரே நெருப்பில். அஸ்டோரியாவில் ஸ்டூடியோ நூதனசாலை ஆயிற்று என்று கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஹந்தானை இல்லை, ஹெந்தளைதான். அப்பாவின் முன்னால் சொல்லவில்லை.

அடுத்து என்னுடைய முறை. தொலைக்காட்சிப் பெட்டிகள்.

மர அலமாரியைப் போன்ற பெட்டிகள், உள்ளங்கை அளவு கண்ணாடியோடு. எனக்கு அவற்றின் முகத்தைப் பார்ப்பதில் ஆசை இல்லை. “பின்பக்கம் காட்டு” என்றேன். “பின்பக்கம் போக முடியாது மாமா, கண்ணாடி” என்றாள். டீவிக்காரனுக்கு அது பெரிய ஏமாற்றம். நாங்கள் படித்ததெல்லாம் முதுகில்தான். பின்மூடியைக் கழற்றினால் அடிக்கிற சூடான தூசி மணம், கரப்பான் கூடு, மெயின் வயரைப் பிடுங்கிய பிறகும் படக்குழாய் வைத்துக்கொண்டிருக்கும் மின்சாரம். என் வலது கையில் மூன்று விரல்களுக்கு அந்த மின்சாரத்தைத் தெரியும்.

அரசின் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கியது. ஜப்பானின் உதவி. கோபுரத்தை நட்டது நம்முடைய பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீற்றர், இலங்கையிலேயே உயரமான இடம். அந்தக் கோபுரத்திலிருந்து கிளம்பிய படம் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்கள்வரை போய் விழுந்தது. அங்கே அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். கோபுரத்தின் காலடியில் இருந்த எங்களுக்கோ படம் வரவில்லை. அலை நேர்கோட்டில் போகிறது, எங்கள் லயமோ மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்தது. வருகிற கொஞ்சமும் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்ததால் செய்தி வாசிப்பவருக்கு இரண்டு தலை, மூன்று காது. என்னுடைய தொழில் அங்கேதான் ஆரம்பித்தது. மூங்கிலில் அன்டெனாவைக் கட்டி, தேயிலைக்குள் ஏறி மேட்டில் நட்டு, நூறு யார் வயரை இழுத்துக்கொண்டு வருவோம். மேலே ஒருவன் திருப்புவான். நடுவே ஒரு பையன் நிற்பான். வாசலில் நிற்பவர் ‘வருகிறது, போய்விட்டது, கொஞ்சம் இடக்கை’ என்று கத்துவார். நடுவில் நின்று கத்தலைக் கடத்திய பையன் நான்.

மின்சாரம் இன்னொரு கதை. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே தண்ணீரைச் சேர்த்து லக்சபானைப் பக்கம் அனுப்பி மின்சாரம் எடுத்து நாட்டுக்குக் கொடுத்தன. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. ஆகவே டீவி ஓடியது கார் பற்றரியில். வாரம் ஒருமுறை பற்றரியைப் பட்டணத்துக்குச் சுமந்துபோய்ச் சார்ஜ் போட்டுச் சுமந்துவர வேண்டும். கசிந்த அமிலத்தால் ஓட்டை விழாத சட்டை எங்கள் லயத்தில் ஒருவருக்கும் இல்லை. பற்றரி இறங்க இறங்கப் படம் நான்கு பக்கமும் சுருங்கி, நடுவில் தபால் அட்டை அளவுக்கு வந்துவிடும். 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் லாகூரில் அரவிந்த டி சில்வா சதம் அடித்தபோது எங்கள் திரையில் அவர் கட்டைவிரல் உயரம் இருந்தார். முப்பது பேர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் மூச்சு விடவில்லை. மூச்சு விட்டால் பற்றரி தீர்ந்துவிடும் என்பதுபோல.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அக்கா மகள் நூதனசாலைக்கு நடுவே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பாதுகாவலர் ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்கிற குரலும் கேட்டது.

மற்ற இடங்களை வேகமாகப் பார்த்தோம். நடிகர்களின் முகத்திலிருந்து வார்த்தெடுத்த அச்சுகள். ஜிம் ஹென்சன் என்ற பொம்மலாட்டக் கலைஞரின் பொம்மைகளுக்குத் தனிப் பகுதி. 1920களின் எகிப்திய மோஸ்தர்த் தியேட்டர்களைக் கேலியும் பாசமுமாகச் செய்து வைத்த சின்னத் திரையரங்கு ஒன்று. அதன் சுவர்களைப் பார்த்துவிட்டு அப்பா, “அம்மன் கோயில் திருவிழாப் பந்தல்” என்றார். குரல் சேர்க்கிற அறை ஒன்று இருந்தது. திரையில் நடிகர் வாயசைக்க, நாம் பேசிப் பதிவுசெய்யலாம். அக்கா மகள் உள்ளே போய், ஆங்கிலப் படக் காட்சி ஒன்றுக்குத் தமிழில் பேசினாள். அதுவும் சுத்தத் தோட்டத்துத் தமிழ். அந்த வெள்ளைக்கார அம்மா ‘ஏன்டா இம்புட்டு நேரம்’ என்று கேட்டது அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மூன்று தடவை போடச் சொன்னார்.

கடைசியாக வீடியோ விளையாட்டு இயந்திரங்கள். காசு போட்டு ஆடுகிற பழைய வகை. அவற்றின் முன்னால்தான் நான் உண்மையில் பொறாமைப்பட்டேன். வெறும் சாமானாக வைக்காமல், விளையாடக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது படக்குழாய். அதை இப்போது ஏறக்குறைய எங்குமே செய்வதில்லை. ஒன்று செத்தால், எங்கோ கிடக்கிற இன்னொன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தப் பழைய விளையாட்டுகளைத் தட்டைத் திரையில் போட்டாலும் ஓடும், ஆனால் கோடுகளுக்கிடையே இருந்த அந்த மெல்லிய பளபளப்பு வராது. அப்படியானால் அந்த நாட்டில் எங்கோ ஒரு மேசையில் ஒருவர் குனிந்திருக்கிறார், கையில் ஈய ஒட்டுக்கோலோடு. அவருக்கும் என்னைப்போலவே கிட்டப்பார்வையாக இருக்கும். நூதனசாலைகளில் எனக்கு நம்பிக்கை வருவது அந்த மாதிரி ஆட்களால்தான். தூசி தட்டி வைப்பதை எவரும் செய்வார்கள்.

என் கடையில் இப்போதும் வருகிற பழைய வேலை ஒன்றே ஒன்று. கல்யாண வீடியோ கசெற். தொண்ணூறுகளில் மலையகம் முழுக்கக் கல்யாணங்களும் சடங்குகளும் வீ.எச்.எஸ். நாடாவில் ஏறின. இந்த ஈரத்தில் அவை என்ன ஆகும்? நாடா சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம், கோலப்பொடி தூவியதுபோல. அப்படியே டெக்கில் போட்டால் நாடா கிழியும், பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். பெட்டியைத் திறந்து, நாடாவைக் காயவைத்து, ஸ்பிரிற்றும் பஞ்சுத் துணியுமாக அடி அடியாகத் துடைத்து, பழுதானாலும் பரவாயில்லை என்று ஒதுக்கி வைத்த டெக்கில் ஓட்டிக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு கசெற்றுக்கு இரண்டு நாள். ஒரு பெண் தன் அக்காவின் கல்யாணக் கசெற்றைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை, பெண், தாலி எதுவும் அவளுக்கு வேண்டாம். பந்தியில் சாம்பார் வாளியோடு அவளுடைய அம்மா குறுக்கே போகிற நான்கு விநாடிதான் வேண்டும். அந்த அம்மாவுக்கு வேறு படமே இல்லை, அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர. வாளியோடு போனவர் ஒரு கணம் கெமராவைப் பார்த்து, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் காசு வாங்கினேன். வாங்காமல் விட்டேன் என்று எழுத ஆசைதான், அன்றைக்குக் கடை வாடகை கட்ட வேண்டியிருந்தது.

தொலைபேசியின் பற்றரி முடிந்ததோடு எங்கள் நூதனசாலைப் பயணமும் முடிந்தது. இரவு பதினொன்றரை. அப்பா உடனே படுக்கப் போகவில்லை. “அந்தக் கம்பளைப் பக்கத்து வீட்டையும் பார்த்தோமே” என்றார். கம்பளைக்குக் கிட்ட ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றையே தொழிலாளர் நூதனசாலையாக ஆக்கியிருக்கிறார்கள், 2007இல். வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. அங்கே போனபோது காம்பரா என்கிற லயத்து அறையின் நடுவில் நின்று, “இது நம் வீடு. இதைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தோம்?” என்று கேட்டவர்தான் அப்பா. அப்போது எனக்குக் கோபம். இப்போது அவரே அதை எடுத்தார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். குடையைச் சாத்தி வைத்துவிட்டு நேரே பின்னறைக்குப் போனார். அங்கே திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்க வராத டீவிகள் அடுக்கியிருக்கின்றன. பதினேழு. முதுகுள்ள பழைய பெட்டிகள். பழைய இரும்பு வாங்குகிறவன் மாதம் ஒருமுறை விலை கேட்கிறான். நான் கொடுப்பதில்லை. பெரிய இலட்சியம் ஒன்றும் கிடையாது. திருத்திய கூலி இன்னும் வர வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் தலையிலும் பழைய நாட்காட்டித் தாளில் நான் எழுதி ஒட்டிய துண்டு இருக்கிறது: பெயர், தோட்டம், பிரிவு, லய இலக்கம், என்ன பழுது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு துண்டாக வாசித்தார். அரை மணி நேரம். சில பெயர்களுக்குத் தலையாட்டினார். ஒன்றிடம் நின்று, “இவன் நம்முடைய தியேட்டரில் கலரி வாசலில் நின்றவன்” என்றார். “இவன் போய் ஆறு வருடம். மகன் கொழும்பில் புடைவைக் கடையில் நிற்கிறான்.”

துண்டில் எழுதியிருந்தது: ‘படம் இல்லை, சத்தம் உண்டு.’ அதைத் திருத்தி எத்தனையோ வருடமாயிற்று. இப்போது படமும் உண்டு, சத்தமும் உண்டு. விசாரித்து மகனின் இலக்கத்தை வாங்கி அழைத்தேன். அவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, “அந்தச் சிவப்புப் பெட்டியா?” என்றான். “அது இன்னும் வேலை செய்கிறதா அண்ணா?”

செய்கிறது என்றேன்.

பின்னால் யாரோ அவனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். “விற்றுவிடாதீர்கள் அண்ணா. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டான். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை. அப்பா பேனாவை வாங்கி, துண்டில் அவனுடைய அப்பாவின் பெயருக்குக் கீழே, நடுங்கிய எழுத்தில், ‘கலரி வாசல்’ என்று எழுதிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.